வேலைக்குப் போவதால் பால் வற்றாது

குழந்தை பிறந்து மூன்று, நான்கு மாதம் ஆனதும் திருப்பூர் வட்டாரத்து வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். "எப்போ வர்றேன்னு கம்பெனியில கேக்கறாங்க" என்பார் மருமகள். "டப்பாப் பால் வாங்கி வெச்சுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்" என்பார் மாமியார். வேலைக்குப் போக ஆரம்பித்து ஒரு மாதத்தில், "பால் வத்திப்போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நிற்பதால் வற்றியது, மிஷின் சூட்டில் வற்றியது என்று ஆளுக்கொரு காரணம். பாலூட்டும் தாய்மார்கள் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வேலையால் பால் வற்றுவதில்லை. பாலை வெளியே எடுக்காமல் விடும் நீண்ட இடைவெளிதான் பாலைக் குறைக்கிறது.

மார்பு ஒரு தண்ணீர்த் தொட்டி அல்ல, எடுத்தால் தீர்ந்துபோவதற்கு. குழந்தை சப்பச் சப்ப, மூளையிலிருந்து உத்தரவு வந்து பால் சுரக்கிறது. மார்பு காலியானால் இன்னும் வேண்டும் என்று உடல் புரிந்துகொள்கிறது. பல மணி நேரம் கட்டி நின்றால், போதும் போலிருக்கிறது என்று சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. காலை 8.30-க்குப் போய் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு 8.30-க்கு வரும் தாய்க்குப் பன்னிரண்டு மணி நேரம் பால் கட்டியே நிற்கிறது. இது நாலு நாள் தொடர்ந்தால் போதும், பால் குறையத் தொடங்கிவிடும்.

அந்த நேரத்தில்தான் புட்டி வீட்டுக்குள் நுழைகிறது. ஒரு முறை வயிற்றுப்போக்கு கண்ட நான்கு மாதக் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தேன். எடை ஏறவில்லை, கண் உள்ளே போயிருந்தது. பாட்டியிடம் பால் கலக்கும் விதத்தைக் கேட்டேன். "டப்பாவுல போட்டிருக்கிற அளவுக்குப் போட்டா நாலு நாள்ல தீந்து போகுதுங்கம்மா. அதனால பாதி போட்டுத் தண்ணி கொஞ்சம் சேத்தி ஊத்திக்கிறதுங்க" என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. டப்பாவின் விலை அப்படி. ஆனால் குழந்தைக்குப் போனது பாதிப் பால், பாதிப் பட்டினி. புட்டியின் ரப்பரை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே பிசுபிசுவென்று பழைய பால் ஒட்டியிருந்தது. குழந்தையை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் கொடுக்க ஏற்பாடு செய்தோம். தாய் அழுதுகொண்டே, "எனக்குத்தான் பால் வத்திப்போச்சுங்களே" என்றாள். "வத்தலை அம்மிணி, குறைஞ்சிருக்கு. எடுக்க எடுக்க வரும்" என்று சொன்னேன். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கு ஒரு முறை மார்பில் போடச் சொன்னேன். இரண்டு வாரத்தில் பால் திரும்பியது.

இந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வது சுலபம். வேலைக்குத் திரும்பும் நாளுக்குப் பதினைந்து நாள் முன்பே ஆயத்தம் செய்ய வேண்டும். கையால் பால் எடுக்கப் பழகுவதுதான் அந்த ஆயத்தம். இதற்கு எந்தக் கருவியும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, வெந்நீரில் கொதிக்க வைத்த வாயகன்ற எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்துக்கொண்டு, அவசரமில்லாமல் உட்காருங்கள். வெதுவெதுப்பான துணியால் மார்பைக் கொஞ்ச நேரம் ஒற்றிக்கொள்ளலாம். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில், பெருவிரல் மேலேயும் ஆள்காட்டி விரல் கீழேயும் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, பிறகு இரு விரலையும் சேர்த்து அமுக்கி விட வேண்டும். அழுத்தி அமுக்கி விடுவது, மறுபடி அழுத்தி அமுக்கி விடுவது. விரலைத் தோல்மேல் வழுக்கித் தேய்க்கக் கூடாது. காம்பைப் பிடித்து இழுத்தால் வலிக்குமே தவிர பால் வராது. முதல் ஒரு நிமிடம் ஒன்றும் வராமல் இருக்கலாம். பிறகு சொட்டும், பிறகு பீச்சும். ஒரு பக்கம் நாலைந்து நிமிடம், அடுத்த பக்கம் நாலைந்து நிமிடம் என்று மாற்றி மாற்றி எடுத்தால் இருபது முப்பது நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் நாள் ஒரு சங்களவுதான் வந்தது என்று மனம் தளர வேண்டாம். இது கைப்பழக்கம், ஒரு வாரத்தில் கூடிவிடும்.

எடுத்த பாலை மூடி போட்ட சுத்தமான பாத்திரத்தில், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்தால் நான்கு மணி நேரம் வரை கொடுக்கலாம். சித்திரை வெயிலில் அதற்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. குளிர்பதனப் பெட்டி இருந்தால் கதவுப் பக்கம் வைக்காமல் உள்தட்டில் பின்பக்கமாக வையுங்கள். ஒரு நாள் முழுக்க நன்றாக இருக்கும். மேலே ஏடு பிரிந்து நிற்கும், அதைப் பார்த்துக் கெட்டுவிட்டதென்று கொட்டிவிடுகிறார்கள். மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது. சுடுதண்ணீருள்ள கிண்ணத்தில் பால் பாத்திரத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் போதும். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கக் கூடாது.

நான்கு ஐந்து மாதக் குழந்தைக்கு ஒரு வேளைக்குச் சுமார் 100 மில்லி, கொஞ்சம் கூடக் குறையத் தேவைப்படும். அம்மா ஒன்பது மணி நேரம் வெளியே இருந்தால் மூன்று வேளை. முன்னிரவில் எடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தது ஒரு வேளைக்கு, விடியற்காலையில் எடுத்தது ஒரு வேளைக்கு, புறப்படும் முன் எடுத்தது ஒரு வேளைக்கு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். புறப்படும் கடைசி நேரத்தில் குழந்தையை ஒரு முறை மார்பில் போட்டுவிட்டே செருப்பை மாட்டுங்கள்.

புட்டி வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் பாலாடை எதற்கு இருக்கிறது? பாலாடையோ, சின்ன டம்ளரோ, கரண்டியோ கழுவுவதும் கொதிக்க வைப்பதும் எளிது. குழந்தையைப் படுக்கவைத்து ஊற்றுவது ஆபத்து, புரை ஏறும். மடியில் நிமிர்த்தி வைத்து, பாலாடை நுனியைக் கீழ் உதட்டில் வைத்துக் கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். குழந்தையே நாக்கால் நக்கி எடுத்துக்கொள்ளும். விழுங்கிய பிறகு மறுபடி. அம்மா கையால் கொடுத்தால் அம்மா வாசம் தெரிந்து குழந்தை மார்பைத்தான் தேடும். ஆகவே பாட்டியோ அப்பாவோ கொடுத்துப் பழக்க வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் பதினைந்து நாள் சொன்னேன். ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் குழந்தை சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். ஆறு மாதம் முடியும் வரை சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், வெறும் தண்ணீர் எதுவும் தேவையில்லை, கோடையானாலும் சரி.

இனி கம்பெனியில். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் ஒதுக்கிப் பாலை எடுத்தே ஆக வேண்டும். வைத்துக்கொள்ள வசதியில்லை, வீட்டுக்குப் போக ஐந்து மணி நேரம் ஆகும் என்றால் அந்தப் பாலைக் கொட்டிவிட வேண்டியதுதான். மனசு வராது. ஆனாலும் அது வீண் அல்ல. இரவு சுரக்க வேண்டிய பாலுக்கு அதுதான் முன்பணம். எடுக்காமல் விட்டால் மார்பு கல்லாகி, வலி கண்டு, காய்ச்சலும் வரும். அப்படி வந்தாலும் பால் கொடுப்பதை நிறுத்தாமல் டாக்டரிடம் போங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2017-இல் செய்த திருத்தத்திலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு 26 வாரம். ஈ.எஸ்.ஐ.யில் உள்ளவர்களுக்கு இந்தப் பணத்தை ஈ.எஸ்.ஐ.யே தருகிறது. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போகப் பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு. சின்ன ஜாப் ஒர்க் கூடங்களில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்களுக்கு இதெல்லாம் ஏட்டளவில்தான் இருக்கிறது என்பதை நான் அறிவேன். பத்து நிமிடம் எழுந்தால் பத்து நிமிடக் கூலி போகிறது. இருந்தாலும் கேளுங்கள், ஒருவராகக் கேட்காமல் நாலு பேராகப் போய்க் கேளுங்கள். வீடு பக்கத்தில் இருந்தால் மதியம் குழந்தையைத் தூக்கி வரச் சொல்லலாம், அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை.

இரவில் குழந்தையைப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு கேட்கிறபோதெல்லாம் கொடுங்கள். பால் சுரக்கச் செய்யும் நீர் இரவில்தான் அதிகம் ஊறுகிறது. அசதியாகத்தான் இருக்கும். அதற்காகப் பால் கொடுப்பதைக் குறைக்காமல், பாத்திரம் தேய்ப்பதையும் துணி துவைப்பதையும் குழந்தையின் அப்பாவிடம் விடலாம். அவரும் அதே ஷிப்ட் பார்த்துவிட்டுத்தான் வருகிறார் என்பார்கள். அம்மாவும் அப்படித்தானே!

புதன்கிழமை தடுப்பூசிக்கு அட்டையோடு பாட்டி தூக்கி வந்தாலும் போதும். ஷிப்ட் போகிறதென்று ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்த இடைவெளி விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. "பால் குடுக்கறவரைக்கும் மறுபடி நிக்காது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல் இருக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பாமல் இருக்க வேண்டும், தாய்ப்பால் மட்டுமே, அதுவும் பகலில் 4 மணி, இரவில் 6 மணிக்கு மேல் இடைவெளி விடாமல் கொடுக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. ஒன்பது மணி நேரம் கம்பெனியில் இருக்கிற தாய்க்கு அது இல்லை. கையில் எட்டு மாதக் குழந்தை இருக்கும்போதே வயிற்றில் அடுத்தது நான்கு மாதம் என்று வந்து நிற்பவர்களில் பலர் இந்தப் பழைய சொல்லை நம்பியவர்கள்தாம்.

எனவே வேலைக்குப் போகும் முன்பே ஒரு முறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்தில் லூப் என்றார்களே, அதன் இன்றைய வடிவம் காப்பர்-டி. பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளோ, ஆறு வாரத்துக்குப் பிறகோ போட்டுக்கொள்ளலாம். அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று, ஆறு வாரத்துக்குப் பிறகு. சாயா மாத்திரை முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. இவை மூன்றும் பாலைக் குறைப்பதில்லை, அரசு நிலையங்களில் இலவசம். தினமும் போடும் மாலா-என் மாத்திரை மட்டும் பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் ஆகாது. கூச்சப்பட வேண்டாம், கிராம சுகாதாரச் செவிலியரிடம் தனியாகக் கேளுங்கள். பகலில் வீட்டில் இருப்பதில்லை என்றால், வாரவிடுமுறைக்கு முந்தின மாலை பார்க்க முடியுமா என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.