வைஃபை போட்டால் நீலத்திரை

அக்கா பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப்பை இப்போது நான் வைத்திருக்கிறேன். புது விண்டோஸ் போட்ட பிறகு, வைஃபையை ஆன் செய்தாலே நீலத்திரை வந்து அணைந்துவிடுகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?
– கல்லூரி மாணவர், ஆனைக்குட்டம்

அதற்குள் பழைய இரும்புக் கடையைத் தேடாதீர்கள். உங்கள் பக்கத்துப் பட்டாசுப் பாஷையில் சொன்னால் வெடி நல்ல வெடிதான், திரிதான் நமுத்திருக்கிறது. வைஃபையைத் தொட்டால் மட்டும் படுத்துவிடுகிறது என்றால் முதல் சந்தேகம் டிரைவர் மீதுதான்.

2011இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் தந்த லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது. யாரும் அதை அழிக்காமல் விட்டிருந்தால் (அது அபூர்வம்!) அதில் நுழைந்து வைஃபையைப் போட்டுப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் கார்டில் குறையில்லை, விண்டோஸ் டிரைவரைத்தான் மாற்ற வேண்டும்.

வைஃபை இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது? போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போடுங்கள், போதும். பிறகு டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் போய், வைஃபை கார்டின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து ‘ரோல் பேக் டிரைவர்’ அழுத்துங்கள். அது மங்கிக் கிடந்தால் அங்கேயே ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக். இருக்கும் டிரைவரை நீக்கிவிட்டு, லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று இருக்கும் பழைய டிரைவரையே போடுங்கள். இலவச ‘டிரைவர் அப்டேட்டர்’ பக்கம் மட்டும் போக வேண்டாம். ஒன்றைச் சரிசெய்ய வந்து ஒன்பதைக் கெடுக்கும்.