நாணய மாற்று: எந்த வெள்ளி, எந்த விலை, எந்த நாள்?

நம் வர்த்தக அன்பர்கள் சரக்கின் விலையில் அரைக் காசுக்கும் சளைக்காமல் பேரம் பேசுவர். அச்சரக்குக்குரிய பணத்தை அயல்நாட்டு நாணயமாக மாற்றும்போதோ, பலகையில் கண்ட எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டு திரும்பிவிடுவர். பேரத்தில் மிச்சம் பிடித்தது மாற்றுக் கடை வாசலில் கரைந்துபோவதும் உண்டு. ஆதலின் இக்கணக்கைச் சிறிது விளக்க விரும்புகிறோம்.

முதலில் ‘வெள்ளி’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஒரே வெள்ளி புழங்கிய காலம் உண்டு. 1967 ஜூன் 12-ல் மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்றும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. ஆயினும் அவற்றை ஒன்றுக்கு ஒன்றாகச் சமமாகவே மாற்றிக்கொள்ள முடிந்தது. 1973 மே 8-ல் மலேசியா அவ்வேற்பாட்டிலிருந்து விலகிற்று. சிங்கப்பூர் வெள்ளியும் புருணை வெள்ளியும் மட்டும் சமமாகவே நீடித்தன. 2024-ன் தொடக்கத்திலோ ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்றரை மலேசிய ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. இவ்வளவு நடந்தும் நம்மவர் பேச்சில் இரண்டுக்கும் பெயர் வெள்ளிதான்! ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சரக்குப் பேசுவோர், வாய்ப்பேச்சில் எப்படிச் சொன்னாலும், பட்டியலில் ‘ரிங்கிட்’ என்றோ ‘சிங்கப்பூர் வெள்ளி’ என்றோ தெளிவாக எழுதிவிடுதல் நலம்.

அடுத்து, மாற்றுக் கடைப் பலகையைப் பார்ப்போம். ஒவ்வொரு நாணயத்துக்கும் அங்கே இரண்டு விலைகள் இருக்கும். ‘வாங்குவது’ என்பது கடைக்காரர் வாங்கும் விலை. நாம் வாங்கும் விலையன்று. கணக்குக்காக, சிங்கப்பூர்க் கடையொன்றில் 100 ரிங்கிட்டை 30 வெள்ளி 20 காசுக்கு வாங்கி, 30 வெள்ளி 80 காசுக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். நாம் 1,000 வெள்ளி கொடுத்தால் நமக்குக் கிடைப்பது 3,246 ரிங்கிட் 75 சென். பயணம் தடைப்பட்டு, அதே நாளில், அதே கடையில் அதைத் திரும்பக் கொடுத்தால் கைக்கு வருவது 980 வெள்ளி 52 காசு. விகிதம் சிறிதும் மாறவில்லை. 19 வெள்ளி 48 காசு மட்டும் போயிற்று.

‘கமிஷன் இல்லை’ என்ற அறிவிப்பைக் கண்டு மகிழ்வோர் இதைக் கவனிக்க வேண்டும். கூலி என்பது அவ்விரு விலைகளின் இடைவெளியிலேயே அடங்கியிருக்கிறது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மாற்றுத் தொழிலில் நம்மவர் பலர் இருக்கின்றனர்; கடை வாடகையும், பல நாட்டு நோட்டுகளைக் கையிருப்பில் வைத்து விலை இறங்கும் ஆபத்தைச் சுமப்பதும் அவர்களுக்கு உண்டு. ஆனால் வாடிக்கையாளர் இடைவெளியை அளந்து பார்ப்பதில் தவறென்ன? இரு விலைகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடுவிலை வரும். மேற்சொன்ன கணக்கில் அது 30 வெள்ளி 50 காசு. நாம் கொடுத்த விலை அதற்கு மேல் 30 காசு. அதாவது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. வங்கி வழியாகப் பணம் அனுப்புவோரும் கட்டணத்தை மட்டும் பாராமல் இந்த வித்தியாசத்தையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

இனி நாள் பற்றியது. இதற்கு 1966-ஐவிடச் சிறந்த பாடம் இல்லை. அதுவரை மலாயா வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்ஸ், இந்திய ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற நிலை இருந்தது. அதன்படி 14 ரூபாய்க்கு 9 வெள்ளி. 100 ரூபாய்க்கு 64 வெள்ளி 29 காசு. 1966 ஜூன் 6-ல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அமெரிக்க டாலருக்கு 4 ரூபாய் 76 பைசாவாக இருந்தது 7 ரூபாய் 50 பைசாவாயிற்று. 100 ரூபாய் 40 வெள்ளி 82 காசாக இறங்கிற்று.

10,000 ரூபாய்க்குக் கைலி தருவித்துப் பணம் கட்டாதிருந்தவர், பட்டியல் ரூபாயில் எழுதப்பட்டிருந்தால், 6,429 வெள்ளிக்குப் பதிலாக 4,082 வெள்ளி கொடுத்துக் கடனைத் தீர்த்திருக்கலாம். முன்பணம் முழுவதும் கட்டியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் கிடங்கிலிருந்த பழைய விலைச் சரக்கு, புதிதாக மலிவாய் வரும் சரக்கோடு போட்டியிட வேண்டும். பட்டியல் வெள்ளியில் இருந்தாலோ இங்குள்ளவருக்கு ஒரு மாற்றமும் இல்லை. 10,000 ரூபாயாக வரவேண்டிய அதே வெள்ளிக்கு ஊரிலுள்ளவர் 15,750 ரூபாய் பெற்றிருப்பார்.

இங்கே ஒரு கணக்கு நுட்பமும் உண்டு. ரூபாய் இறங்கியது நூற்றுக்கு முப்பத்தாறரை. வெள்ளி ஏறியதோ நூற்றுக்கு ஐம்பத்தேழரை. இரண்டும் ஒரே நிகழ்ச்சிதான், பார்க்கும் பக்கம் வேறு. 64.29 என்பது 40.82 ஆனதைச் சொல்வது முன்னது. 100 வெள்ளிக்கு 155 ரூபாய் 56 பைசா என்றிருந்தது 245 ரூபாய் ஆனதைச் சொல்வது பின்னது. செய்தித்தாளில் ‘இத்தனை விழுக்காடு’ என்று படித்ததும், எந்த நாணயத்துக்கு என்று கேட்டுக்கொள்ளாமல் விலை நிர்ணயித்தால் கணக்கு பிசகும்.

அடுத்த ஆண்டே வேறொரு பாடம் வந்தது. 1967 நவம்பரில் பிரிட்டன் பவுனின் மதிப்பைக் குறைத்தபோது, அதனோடு பிணைந்திருந்த பழைய மலாயா வெள்ளி நோட்டும் இறங்கிற்று. புதிய நோட்டு இறங்கவில்லை. பெட்டியில் பழைய நோட்டை மாற்றாமல் வைத்திருந்தவரின் ஒவ்வொரு வெள்ளியும் 85 காசாயிற்று. அந்த மனக்கசப்பு பினாங்கில் கடையடைப்பாகவும் கலவரமாகவும் வெடித்தது.

பிற்காலத்தில் விகிதங்கள் நாள்தோறும் அசைகின்றன. இன்று சரக்குக்குச் சொல்லி, மூன்று மாதம் கழித்துப் பணம் கட்டுபவர் நூற்றுக்கு எட்டு இலாபம் கணக்கிட்டிருக்க, விகிதம் நூற்றுக்கு மூன்று ஏறினால் எட்டு ஐந்தாகிவிடும். கட்ட வேண்டிய தொகையில் ஒரு பாதியை உடனே மாற்றி வைத்துக்கொள்வது எளிய வழி. விகிதத்தை வங்கியிடம் முன்கூட்டியே உறுதி செய்துகொள்வது மற்றொரு வழி. ஆனால் நாணயத்துக்கு நாணயம் மாற்றும் ‘ஸர்ஃபு’ வியாபாரம் தவணையின்றிக் கைக்குக் கை நடைபெற வேண்டும் என்பது நம் மார்க்கச் சட்டமாதலால், இரு தரப்பையும் இன்றே கட்டுப்படுத்தும் தவணை ஒப்பந்தம் கேள்விக்குரியதாகிறது. மலேசியாவில் இஸ்லாமிய வங்கிகள் ‘வஅத்’ எனும் ஒருதலை வாக்குறுதியாக அமைத்து, உரிய நாளில் மாற்றைக் கைக்குக் கை முடிக்கின்றன. அதற்குரிய விகிதத்தையும் அன்றைய நடுவிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தே கையெழுத்திட வேண்டும்.