ஐயாயிரம் வெள்ளியில் ஒரு பள்ளம்

ஸ்ரீ கெம்பாங்கான் கடைவீட்டு மாடிகளிலும் பக்கத்துப் பாலாக்கோங் தொழிற்சாலைகளிலும் சம்பளக் கணக்குப் பார்ப்பவர்கள் மாதாமாதம் துண்டுச் சார்புகளோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். பெயர்தான் மிரட்டும். ஓர் எல்லை வரை ஒரு விதி, அதைத் தாண்டினால் வேறு விதி, அவ்வளவுதான். ஓவர்டைமும் அப்படித்தான்: சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு, ஓய்வு நாளில் இரண்டு, பொது விடுமுறையில் மூன்று.

விதிகளை மனப்பாடம் செய்வதைவிட எல்லையை உற்றுப் பார்ப்பதுதான் முக்கியம். அங்கே இரண்டு துண்டுகளும் ஒட்டுகின்றனவா, இடையில் பள்ளம் விழுகிறதா?

வருமான வரியில் பெரும்பாலும் ஒட்டும். “ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் 11 விழுக்காடு போய்விடும், உயர்வே வேண்டாம்” என்று காப்பிக்கடையில் சொல்பவர் இன்றும் உண்டு. வீண் பயம். 2023 வரி ஆண்டு முதல் உள்ள விகிதப்படி, வரிக்குரிய வருமானம் 50,000 வெள்ளி என்றால் வரி 1,500. 51,000 என்றால் 1,610. தாண்டிய ஆயிரத்துக்கு மட்டுமே 11 விழுக்காடு.

ஆனால் 35,000-இல் கவனம் தேவை. அதுவரை 400 வெள்ளி வரித் தள்ளுபடி உண்டு, தாண்டினால் இல்லை. 35,000-க்கு வரி 200, 35,100-க்கு 606! எல்லைக்குச் சற்று மேலே நிற்பவர்கள் புத்தகம், இணையக் கட்டண ரசீதுகளைத் தேடி எடுத்து, வாழ்க்கைமுறைச் செலவுக்கான விலக்கு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கலாம்.

சம்பளப் பேச்சில் இதைவிடப் பெரிய பள்ளம் இ.பி.எஃப். எனும் ஊழியர் சேமநிதிதான். அறுபது வயதுக்கு உட்பட்ட மலேசியருக்கு, சம்பளம் 5,000 வெள்ளி வரை முதலாளி 13 விழுக்காடு கட்டவேண்டும். அதற்கு மேல் 12. 5,000 வாங்குபவருக்கு 50 வெள்ளி கூட்டித் தருகிறார்கள் என்று வையுங்கள். முதலாளி பங்கு 650-லிருந்து அட்டவணைப்படி 612-ஆக இறங்கும். ஐம்பதில் 38 போக, உங்களுக்கு மெய்யாகக் கூடியது 12 வெள்ளிதான். சம்பளம் 5,400-ஐத் தாண்டினால்தான் அந்தப் பங்கு மறுபடி 650-க்கு மேலே ஏறி 660 ஆகும். ஆகவே, அந்த விளிம்பில் நிற்பவர் சின்ன உயர்வுக்குத் தலையாட்டாமல், 13 விழுக்காட்டையே தொடரும்படி கேட்கலாம். கட்டாய விகிதத்துக்கு மேல் கட்ட முதலாளிக்குத் தடையில்லை. மறுத்தால் மறுக்கட்டும், கணக்குத் தெரிந்தவர் என்ற மரியாதையாவது மிஞ்சும்.

கணக்கு எழுதுபவருக்கு: எக்செலில் “குறைவு” என்று போடுவதா, “குறைவு அல்லது சமம்” என்று போடுவதா? சரியாக 5,000 வாங்குபவரின் ஒரு விழுக்காடு அதில்தான் தொங்குகிறது. 4,999, 5,000, 5,001 மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டு, விடையை அட்டவணையோடு ஒப்பிடுங்கள். விழுக்காட்டால் பெருக்குவது மட்டும் போதாது. 20,000 வெள்ளி வரை அட்டவணையே படிப்படியாகத்தான் ஏறுகிறது.

ஓவர்டைம் பணம் இ.பி.எஃப். கணக்கில் சேராது; அதனால் எல்லை தாண்டாது. போனஸ் சேரும். ஆனால் மாதச் சம்பளம் 5,000-க்குள் இருந்து, போனஸால் தொகை மேலே போனால் முதலாளி பங்கு 13 விழுக்காடுதான். அதனால் சம்பளத்துக்கு ஒரு கட்டம், போனஸுக்கு ஒரு கட்டம் என்று பிரித்து வைத்து, எல்லையைச் சம்பளக் கட்டத்தில் மட்டும் சோதியுங்கள்.