மின் சிக்கனமும் முதற்செலவும்

சுற்றுச்சூழலுக்கு ஊறு செய்யாத வாழ்க்கை வசதி படைத்தோருக்கே இயலும் என்ற கருத்து பரவலாக உள்ளது. கடையில் கொடுக்கும் தொகையை மட்டுமே விலையாகக் கொள்வதால் எழும் கருத்து இது. ஒரு சாதனத்தின் உண்மை விலையில், அதை இயக்க ஆண்டுதோறும் ஆகும் செலவும் அடங்கும்.

சான்றாக மின்விசிறியைக் கொள்வோம். சாதாரண விசிறிக்கு 75 வாட் மின்சாரம் தேவை, பி.எல்.டி.சி. மோட்டார் பொருத்திய விசிறிக்கு ஏறத்தாழ 30 வாட் போதும். நாளொன்றுக்கு 10 மணி நேரம் வீதம் ஆண்டில் 300 நாள் ஓடினால், முன்னதற்கு 225 யூனிட்டும் பின்னதற்கு 90 யூனிட்டும் செலவாகும். மீதமாகும் 135 யூனிட்டின் மதிப்பு, யூனிட் 5 ரூபாய் எனக் கொண்டால், 675 ரூபாய். விசிறியின் விலை 1,500 ரூபாய் கூடுதலாயினும் இரண்டேகால் ஆண்டுக்குள் அது ஈடாகிவிடும். நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தே கிடைப்பதால், கரியமில வாயுவும் அந்த அளவுக்குக் குறையும்.

ஆயினும், அந்த 1,500 ரூபாயை ஒரே தவணையில் செலுத்தக் கூலித் தொழிலாளியால் இயலுமா? 2015-இல் தொடங்கப்பெற்ற உஜாலா திட்டம் இதற்கு வழிகாட்டுகிறது. மொத்தக் கொள்முதலின் பயனாக, 2014-இல் 310 ரூபாயாக இருந்த எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாயாகக் குறைந்தது. மின் கட்டணத்துடன் மாதம் 10 ரூபாய் வீதம் செலுத்தும் வசதியும் அளிக்கப்பட்டது. இதுவரை 36 கோடிக்கு மேற்பட்ட பல்புகள் வழங்கப்பட்டுள்ளன.

மானியக் கட்டணம் பெறும் இல்லங்களில் மின் சேமிப்பின் பயன் பெரிதும் மின் வாரியத்தையே சேர்கிறது. ஆகவே தவணையில் ஒரு பகுதியை வாரியம் ஏற்பது நியாயமே. சிக்கனத்தை அறிவுறுத்துவதினும், முதற்செலவின் சுமையைக் குறைப்பதே மிகுந்த பலன் தரும்.