மைசூரு அரண்மனை தரும் இல்லறப் பாடம்

பரிவ்ராஜகராகப் பாரதத்தைச் சுற்றிவந்த சுவாமி விவேகானந்தர் 1892-இல் மைசூருக்கு எழுந்தருளினார். திவான் சேஷாத்ரி ஐயர் மூலம் மன்னர் சாமராஜேந்திர உடையாரின் அறிமுகம் கிடைத்தது. அரண்மனை விருந்தினராகத் தங்கிய சுவாமிஜியின் குரலை, அக்காலத்தில் புதுமையாக விளங்கிய ஃபோனோகிராஃப் கருவியில் மன்னர் பதிவு செய்துகொண்டார். நாளடைவில் அப்பதிவு தெளிவிழந்தது. ஆனால் அவ்விருவரின் உறவு இன்றும் பாடமாக நிற்கிறது.

மன்னரின் குறைகளைச் சுவாமிஜி அவரிடமே நேரில் எடுத்துரைப்பார். அவர் இல்லாத இடத்தில் அவரது நற்குணங்களைப் போற்றுவார். யாருடைய நலனை விரும்பினாரோ, அவர்களிடம் சுவாமிஜி நடந்துகொண்ட முறை இதுவே.

இன்று பல இல்லங்களில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. நள்ளிரவு வரை கைபேசியில் மூழ்கியிருக்கும் மகனிடம் தந்தை அமர்ந்து பேசுவதில்லை. ஆனால் வீட்டிற்கு வரும் உறவினரிடம், ‘இவனுக்குப் போனே கதி’ என்று குறைபடுகிறார். அடுத்த அறையில் அதைக் கேட்கும் மகன், தன்னை இகழாத ஓர் இடத்தைத் திரையில் தேடுகிறான்.

இது வெறும் சோம்பலன்று. கட்டுப்பாட்டை இழத்தல், பிற கடமைகளைவிட விளையாட்டையே முதன்மையாகக் கொள்ளுதல், தீங்கு விளைந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாகப் பன்னிரண்டு மாதங்கள் நீடித்து, வாழ்க்கையைப் பெரிதும் பாதித்தால், அதனை நோயாகவே உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. அவ்வகைப்பாடு 2022-இல் நடைமுறைக்கு வந்தது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மருத்துவமனை, தொழில்நுட்பத்தை நலமுடன் பயன்படுத்துவதற்கென 2014-இலேயே தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது.

பெற்றோருடன் நெருக்கம் குறைந்த, பூசல் மிகுந்த வீடுகளில் இப்பழக்கம் கூடுதலாகக் காணப்படுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. பூசலால் பிள்ளை திரையை நாடுகிறான். திரையால் பூசல் வளர்கிறது. இச்சக்கரம் இரு திசையிலும் சுழலக்கூடியது. ஆகவே பெற்றோரை மட்டுமோ, பிள்ளையை மட்டுமோ குற்றவாளியாக்குவது பயன் தராது. சக்கரத்தை முதலில் நிறுத்த வேண்டியவர் யார்? வயதிலும் அனுபவத்திலும் முதிர்ந்தவரே.

மனம் காற்றைப் போல அடக்குவதற்கு அரியது என்று அர்ஜுனன் கீதையில் முறையிடுகிறான். பகவான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அது கடினம் என்பதை ஒப்புக்கொண்ட பின்னரே, பயிற்சியாலும் பற்றின்மையாலும் அதை வெல்லலாம் என்று வழிகாட்டுகிறார். போராடும் இளம் மனத்தை அணுக வேண்டிய முறையும் இதுவே: முதலில் புரிந்துகொள்ளுதல், பின்னர் நெறிப்படுத்துதல்.

இல்லத்தில் மூன்று சாதனைகளை மேற்கொள்ளலாம். முதலாவது, குறையைத் தனிமையில் கூறி, நிறைவைப் பிறர் முன் கூறுதல். இரண்டாவது, இரவு உணவின்போது பெற்றோர் உட்பட அனைவரும் கைபேசியை விலக்கி வைத்தல். தாம் கடைப்பிடிக்காத விதியைப் பிள்ளைக்கு விதிப்பது வீண். மூன்றாவது, பறித்த நேரத்தை வெறுமையாக விடாமல் விளையாட்டு, இசை, தொண்டு, பிரார்த்தனை ஆகியவற்றால் நிரப்புதல். உறக்கமும் படிப்பும் முற்றிலும் குலைந்திருந்தால், தயங்காமல் மனநல மருத்துவரை நாட வேண்டும். அது குடும்பத்திற்கு இழுக்கன்று.

கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். நேரில் உண்மையும் மறைவில் புகழும் வழங்கும் அன்பு நிலவும் இல்லத்தில், பிள்ளையின் மனம் இளைப்பாற வேறிடம் தேடி அலைய வேண்டியதில்லை.