கொருக்குப்பேட்டை எத்தனை எழுத்து?



தம்பி, நீ எழுதிய ரயில் நேர நிரலும், அதோடு அனுப்பிய இரண்டு படங்களும் வந்து சேர்ந்தன. கும்மிடிப்பூண்டி தடத்து நிலையங்களை வரிசையாக அடுக்கியிருக்கிறாய். கல்லூரி ஆய்வகத்து விண்டோஸில் எல்லாப் பெயர்களும் ஒழுங்காக நிற்கின்றன. வீட்டில் உன் அக்கா பள்ளியில் வாங்கிய அரசு மடிக்கணினியில், பாஸ் லினக்ஸில், கொருக்குப்பேட்டையும் தண்டையார்பேட்டையும் உன் சொந்தத் திருவொற்றியூரும் குலைந்து கிடக்கின்றன. வ.உ.சி. நகரும் கத்திவாக்கமும் மட்டும் தப்பித்துவிட்டன. “நிரல் ஒன்றுதான் ஐயா, ஃபான்ட் பிரச்சினை போலிருக்கிறது, வேறு ஃபான்ட் போட்டுவிடட்டுமா?” என்று முடித்திருக்கிறாய்.

அந்தக் கடைசி வரி இரண்டு நாளாக உறுத்துகிறது. தமிழ் திரையில் குலைந்தால் பழியை ஃபான்ட் மேல் போடுவது இங்கே பழகிப்போன வழக்கம். பத்து ஃபான்ட் இறக்கிப் போட்டுப் பார்த்து, ஒன்றும் சரிவராமல், கடைசியில் எழுத்தைப் படமாக வரைந்து ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் படத்தில் தேட முடியாது, நகலெடுக்க முடியாது, கண் தெரியாதவருக்குக் கணினி அதைப் படித்துச் சொல்லவும் செய்யாது. நோய் ஒன்று, மருந்து வேறு.

ஒரு சின்னச் சோதனை போதும். அதே மடிக்கணினியில் உரை எழுதும் நிரலைத் திறந்து, அதே ஃபான்ட்டில், கொருக்குப்பேட்டை என்று தட்டிப் பார். சரியாக வரும். ஃபான்ட் மாறவில்லை, கணினி மாறவில்லை. மாறியது, நிரலுக்குப் பட்டனையும் டெக்ஸ்ட் பாக்ஸையும் வரைந்துதரும் டூல்கிட். உன் நிரல் டிகே மேல் நிற்கிறது. அந்த உரை நிரல் ஜிடிகே மேல் நிற்கிறது.

ஃபான்ட் என்பது அச்சகத்து எழுத்துப் பெட்டி. ககரம் அதில் ஓர் அறையில் இருக்கிறது, கொம்பு ஓர் அறையில், கால் ஓர் அறையில். எதை எடுத்து எதற்கு முன்னால் வைப்பது என்பது அச்சுக் கோப்பவர் கையில். கணினியில் அந்தக் கோக்கும் வேலையைச் செய்பவை வேறு நிரல்கள்: விண்டோஸில் யூனிஸ்கிரைப், பிறகு டைரக்ட்ரைட், மேக்கில் கோர் டெக்ஸ்ட், லினக்ஸில் ஹார்ஃப்பஸ். ஜான் ஔஸ்டர்ஹௌட் 1991-ல் வெளியிட்ட டிகே, விண்டோஸில் ஓடும்போது எழுத்தை விண்டோஸிடமே ஒப்படைத்துவிடுகிறது. அதனால்தான் ஆய்வகத்தில் உனக்குச் சிக்கல் வரவில்லை. லினக்ஸில் அதன் 8.6 பதிப்பு எக்ஸ்எஃப்டி என்ற நூலகத்திடம் கொடுக்கிறது. எக்ஸ்எஃப்டிக்குக் கோக்கத் தெரியாது. வந்த வரிசையில் ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போய்விடும். லோகித் ஃபான்ட்டை எடுத்துவிட்டு நோட்டோ ஃபான்ட்டைப் போட்டாலும் கொம்பு அதே தவறான பக்கத்தில்தான் நிற்கும்.

இப்போது கொருக்குப்பேட்டையை எண்ணு. கொ, ரு, க், கு, ப், பே, ட், டை. எட்டு எழுத்து. பைத்தானில் நீளம் கேட்டால் 16 என்று சொல்லும், ஏனென்றால் யூனிகோடில் அது 16 குறியெண்கள். யூடிஎஃப்-8 முறையில் வட்டில் எழுதினால் 48 பைட். படிப்பவருக்கு எட்டு, நிரலுக்குப் பதினாறு, வட்டுக்கு நாற்பத்தெட்டு. ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் இந்த மூன்று கணக்கையும் ஒரே நேரத்தில் தவறாமல் வைத்திருக்க வேண்டும். டூல்கிட் என்றால் பட்டன் வரைவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பட்டனை யாரும் ஒரு வாரத்தில் வரைந்துவிடலாம். டெக்ஸ்ட் பாக்ஸ்தான் ஆண்டுகளை விழுங்குகிறது.

முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். கொ. கண்ணுக்கு மூன்று துண்டு: இடப்பக்கம் ஒற்றைக் கொம்பு, நடுவில் ககரம், வலப்பக்கம் கால். யூனிகோடு அதை இரண்டே எண்ணாக வைக்கிறது: 2965, 3018. முதலாவது ககரம், இரண்டாவது, கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறி. ஆனால் இன்னொரு விதமாகவும் எழுதலாம்: 2965, 3014, 3006. ககரம், கொம்பு, கால். இரண்டும் ஒன்றே என்பது யூனிகோடு விதி. திரையில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் பைத்தானில் இரண்டையும் சமமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். ஒருவர் மூன்று எண்ணாகச் சேமித்த கொருக்குப்பேட்டையை இன்னொருவர் இரண்டு எண்ணாகத் தட்டித் தேடினால், கண்ணெதிரே இருக்கும் ஊர் கிடைக்காது. தேடும் முன் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பைத்தானின் யூனிகோட்டேட்டா நூலகத்தில் அதற்கான செயற்கூறு இருக்கிறது, உன் நிரலில் அதைக் காணோம்.

ஔவையாரின் நிலை இன்னும் மோசம். ஔ என்ற ஒரே எழுத்தை விட்டுவிட்டு ஒகரத்தையும் ளகரத்தையும் தட்டி வைக்கிறவர்கள் ஏராளம். அதை எந்த விதியும் ஒன்றாக்காது. அது எழுத்துப்பிழை, எழுதுபவர்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.

சரி, கொ என்று தட்டியபின் பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்தினால் என்ன மிஞ்ச வேண்டும்? இதற்கு டூல்கிட்டுகள் நின்று யோசித்திருக்கின்றன. ஜிடிகேயின் எழுத்து வேலையைப் பார்க்கும் பாங்கோ நூலகத்தில், இந்த இடத்தில் பேக்ஸ்பேஸ் முழு எழுத்தை அழிப்பதா ஒரு குறியெண்ணை மட்டும் அழிப்பதா என்று எழுத்துக்கு எழுத்து குறித்துவைக்கத் தனிக் கொடியே இருக்கிறது. க மிஞ்ச வேண்டும் என்பதுதான் நியாயம். 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் ககரம் ஒரு விசை, ஒகரம் ஒரு விசை. கடைசியாகத் தட்டியது போனால் க தானே நிற்க வேண்டும்? மூன்று எண்ணாக வைத்திருந்தாலோ, கால் மட்டும் போய், தட்டியவர் தட்டாத கெ வந்து நிற்கும். எழுதுபவர் திகைப்பார், தமிழ் கணினிக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டுவார். அப்படி முடிவுகட்டியவர்களைப் பலமுறை பார்த்தாயிற்று.

இங்கே கொஞ்சம் விலகிப் போக வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியை உன் தலைமுறை பார்த்திருக்காது. ராயபுரம் பக்கத்துத் தட்டச்சுப் பள்ளிகளில் பயின்றவர்களைக் கேள். கொ அடிக்க வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். கண் பார்க்கும் வரிசை அது. 1990களின் இறுதியில் இணையத் தமிழர்கள் கூடிப் பேசி உண்டாக்கிய திஸ்கி குறியேற்றமும் அதே வரிசையில்தான் சேமித்தது. யூனிகோடோ காது கேட்கும் வரிசையில் சேமிக்கிறது: மெய் முன்னால், உயிர் பின்னால். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் உயிர்மெய்க்குச் சொன்ன வரிசையும் இதுவே; மெய்க்குப் பின்தான் உயிர் தோன்றும் என்கிறார். தொல்காப்பியத்தையும் யூனிகோடு நூலையும் அருகருகே வைத்து வாசிக்கும்போதெல்லாம் இந்த ஒற்றுமை வியப்பைத் தருகிறது. கண்ணின் வரிசையில் பழகிய விரலுக்கும் காதின் வரிசையில் அமைந்த நினைவகத்துக்கும் நடுவே ஒரு துபாஷி வேண்டும். பழைய தட்டச்சு முறையில் ஒருவர் கொம்பைத் தட்டினால், அடுத்த மெய் வரும்வரை அதைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பது உள்ளீட்டு நிரலின் வேலை. அந்த அரைகுறை நிலையைத் திரையில் காட்டுவது டூல்கிட்டின் வேலை.

அந்தத் துபாஷி வேலையை ஒரு காலத்தில் நார்வே நாட்டு டூல்கிட் ஒன்று தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தது. ஹாவார்ட் நூர்டும் ஐரிக் சாம்ப்-எங்கும் தொடங்கி, 1995 மே மாதம் பொதுவில் வெளியிட்ட க்யூட்டிதான் அது. அதன் மூல நிரலில் திஸ்கியை யூனிகோடாகவும் யூனிகோடைத் திஸ்கியாகவும் மாற்றும் கோப்பு ஒன்று உண்டு. எழுதியவர் தமிழரில்லை. கே.டி.இ மேசைத்தளத்துக்கு உழைத்த ஹான்ஸ் பெட்டர் பீக்கர், ஆண்டு 2000. திஸ்கியின் எண்களும் அவற்றுக்கு நேரான யூனிகோடு எண்களும் வரிசை வரிசையாக அடுக்கிய அட்டவணைதான் அந்தக் கோப்பின் உடல். இலக்கண நூல் வாசிப்பதுபோல அதை ஒரு மாலை முழுக்க வாசிக்கலாம். 2020 டிசம்பரில் க்யூட்டி 6 வந்தபோது இந்தப் பழைய குறியேற்ற மாற்றிகளைப் பொதுப் பயனிலிருந்து எடுத்துப் பழைய நிரல்களுக்கான தனிப் பகுதிக்கு நகர்த்தினார்கள். தூக்கி எறியவில்லை. இந்த இடைவெளியில் அந்த டூல்கிட்டின் உரிமையே கைமாறிக்கொண்டிருந்தது. அதை உருவாக்கிய டிரோல்டெக் நிறுவனத்தை 2008-ல் நோக்கியா வாங்கியது, 2012-ல் க்யூட்டி டிஜியாவிடம் போனது, 2014-லிருந்து க்யூட்டி கம்பெனி என்ற பெயரில் நடக்கிறது. முதலாளிகள் மாறிக்கொண்டிருக்க, தமிழ் அட்டவணை இருபது ஆண்டு அங்கேயே இருந்தது. பராமரிப்பு என்றால் இதுதான், தம்பி.

உன் கடிதத்தில் இன்னொரு ஒப்புமை. “டூல்கிட் நம்ம எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் போகிற கன்டெய்னர் மாதிரி, ஒருமுறை பூட்டிவிட்டால் லாரி, ரயில், கப்பல் எதிலும் ஏறும்.” துறைமுகத்துப் பையன் சொல்லத்தக்க ஒப்புமைதான், பாதி சரி. 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் 58 பெட்டிகளை ஐடியல் எக்ஸ் கப்பலில் ஏற்றியதில் தொடங்கி, 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்ததுவரை அந்தப் பெட்டி வென்றதற்குக் காரணம் அதன் எட்டு மூலைகள். மூலை வார்ப்பின் அளவு உலகம் முழுக்க ஒன்று. டிரெய்லரின் பூட்டு அதில் நுழைந்து திரும்பினால் போதும். உள்ளே இருப்பது துணியா மோட்டார் பாகமா என்று கிரேனுக்குத் தெரிய வேண்டியதில்லை.

டூல்கிட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றின் மூலைகளும் மூன்று விதம். டூல்கிட்தான் மூன்றுக்கும் பொருந்தும்படி தன்னை வளைத்துக்கொள்கிறது. எடின்பரோவில் ஜூலியன் ஸ்மார்ட் 1992-ல் தொடங்கிய டபிள்யுஎக்ஸ் அந்தந்த இயங்குதளத்தின் சொந்தப் பட்டன்களையே பயன்படுத்துகிறது. க்யூட்டி, ஜிடிகே, ஃபிளட்டர் ஆகியவை தாமே வரைந்துகொள்கின்றன. முதல் வழியில் ஒவ்வொரு தளத்தின் குணத்தோடும் மல்லுக்கட்ட வேண்டும். இரண்டாம் வழியில் கொம்பு, கால் உட்பட எல்லாவற்றையும் தன் தலையில் சுமக்க வேண்டும். அதைவிட முக்கியம், டூல்கிட் பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தே தீர வேண்டும். உள்ளிருப்பது கொ என்று தெரியாமல் அதை வரையவும் முடியாது, அதன் அகலத்தை அளக்கவும் முடியாது.

அகலம் என்றதும் நினைவுக்கு வருகிறது: உன் நிரலில் ஒவ்வொரு பட்டனையும் பிக்சல் கணக்கில் ஆணி அடித்து வைத்திருக்கிறாய். இதை உனக்குக் கற்றுக்கொடுத்தது யார்? ஆங்கிலத்தில் அடங்கிய பட்டனில் ‘விருப்பத்தேர்வுகள்’ அடங்காது. டிகேயிலேயே பேக், கிரிட் என்று இடம் ஒதுக்கும் முறைகள் இருக்கின்றன. சொல் நீண்டால் பட்டனும் நீளும். அதற்குத்தான் அவற்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். முதலில் அதைத் திருத்து.

பராமரிப்பின் பாரம் தெரிய வேண்டுமென்றால் கிம்ப்பைப் பார். ஜிடிகே பிறந்ததே கிம்ப் என்ற படத் திருத்தியை எழுதுவதற்காக. பெர்க்லி மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மேட்டிஸும் தொடங்கியது. பாங்கோவோடு ஜிடிகே 2 வந்தது 2002-ல். ஜிடிகே 3 வந்தது 2011-ல். அந்தக் கிம்ப் ஜிடிகே 3-க்கு முழுமையாகக் குடிபெயர்ந்து 3.0 என்று வெளிவந்தது 2025 மார்ச்சில். அதற்குள் ஜிடிகே 4 வந்தே நான்கு ஆண்டுக்கு மேலாகிவிட்டது. தாய்வீட்டுக்கே பதினான்கு ஆண்டு என்றால், வெளியே அதை நம்பி எழுதியவர்கள் பாடு என்ன? இத்தனைக்கும் நடுவில் லினக்ஸில் திரையைக் கையாளும் எக்ஸ் போய் வேலேண்ட் வந்தது, ஆப்பிள் இன்டெல்லை விட்டு வேறு சிப்புக்குப் போனது, திரைகளின் அடர்த்தி இரட்டித்தது. ஒவ்வொன்றுக்கும் யாரோ உட்கார்ந்து பழைய நிரலைத் திறந்து திருத்தியிருக்கிறார்கள்.

ஹார்ஃப்பஸ் ஒன்று நல்லபடியாக நடந்தது. முன்பு க்யூட்டியும் பாங்கோவும் எழுத்துக் கோக்கும் நிரலைத் தத்தம் வீட்டில் தனித்தனியாக வைத்திருந்தன. பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் அதைப் பொதுவாக்கிப் புதிதாக எழுதினார். இன்று ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபிஸ், க்யூட்டி, ஜிடிகே எல்லாம் அதையே அழைக்கின்றன. அங்கே ஒரு கொம்பைச் சரிசெய்தால் உன் தெருவில் புதுப்பிப்பு பெறும் ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனிலும் அது சரியாகும். பெயரும் அழகு: எழுத்தைக் குறிக்கும் சொல்லையும் திறந்தது என்ற பொருள்படும் சொல்லையும் சேர்த்துப் பாரசீகத்தில் வைத்தது.

இனி உன் வேலை. நிரலை க்யூட்டிக்கோ ஜிடிகேக்கோ மாற்று. இரண்டுக்கும் பைத்தானிலிருந்து வழி இருக்கிறது. மாற்றியதும் சரியாகத் தெரிகிறது என்று விட்டுவிடாதே. டெக்ஸ்ட் பாக்ஸில் கொருக்குப்பேட்டை என்று தட்டி, கர்சரைத் தொடக்கத்தில் வைத்து வலது அம்புக்குறியை அழுத்து. எட்டு அழுத்தில் கடைசிக்குப் போக வேண்டும். பேக்ஸ்பேஸை அழுத்திப் பார். பாதியைத் தேர்ந்தெடுத்து நகலெடு. கொ என்பதை மூன்று எண்ணாக ஊட்டி இதையெல்லாம் மறுபடி செய். எங்காவது பிசகினால் டூல்கிட்டின் பதிப்பு, ஃபான்ட்டின் பெயர், இயங்குதளம், குறியெண்களின் வரிசை, எது வர வேண்டும், எது வந்தது என்ற ஆறையும் எழுதிப் பராமரிப்பாளர்களுக்குப் பிழையறிக்கை அனுப்பு. அவர்களில் பலருக்குக் கொம்பு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று தெரியாது. திருவொற்றியூர்க்காரன் உனக்குத் தெரியும். அனுப்பியதும் அறிக்கையின் எண்ணைக் குறித்து எனக்கு எழுது.