கேமரன் மலைக் காலவரிசை: எது செய்தி, எது வரலாறு?

பழைய வரலாற்றைக் காலவரிசைப்படுத்துவது அத்துணைக் கடினமன்று. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஒரு காலவரிசை தொகுக்கத் தொடங்கியபோது முற்பகுதியை விரைவில் முடித்துவிட்டேன். 1885இல் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை அளந்தார். 1929இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். 1938இல் தொழிலாளர்கள் உதவி பெற்று மலாயாவுக்கு வருவதை இந்திய அரசு தடை செய்தது. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். இடையில் 1957இல் விடுதலை. இவற்றின் விளைவுகள் நமக்குத் தெரியும். ஆகவே சேர்ப்பதில் ஐயமில்லை.

2000க்குப் பிந்திய நிகழ்வுகளே சிக்கலானவை. அண்மையில் நடந்தவை எல்லாமே பெரியனவாகத் தோன்றும். எனவே மூன்று கேள்விகளை வகுத்துக்கொண்டேன்.

முதலாவது, இந்நிகழ்வால் அன்றாட வாழ்வில் எது மாறியது? 2013இல் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. தீபகற்ப மலேசியாவில் அது மாதம் 900 ரிங்கிட். பறித்த கொழுந்தின் எடைக்கேற்பக் கூலி வாங்குபவருக்கும் சட்டப்படி ஒரு கீழ்வரம்பு கிடைத்தது. அதன்பின் தொகை பலமுறை உயர்ந்து 2025இல் 1,700 ரிங்கிட் ஆனது. ஒவ்வோர் உயர்வுக்கும் தனி வரி தேவையில்லை. அடித்தளம் இட்ட ஆண்டே முதன்மைப் பதிவு. உயர்வுகள் அதன் குறிப்பில் அடங்கும்.

இரண்டாவது, இது யாருடைய வரலாறு? 2004 முதல் 2018 வரை கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் தேசிய முன்னணி சார்பில் ம.இ.கா. வேட்பாளர்களே நின்றனர். 2019 ஜனவரி இடைத்தேர்தலில் அந்த இடம் ரம்லி முகமட் நூருக்குத் தரப்பட்டது, அவர் வென்றார். இதனை நாம் ஓர் இழப்பாக மட்டும் எழுதிவிடலாம். ஆனால், நாடாளுமன்ற மக்களவைக்குத் தேர்வு பெற்ற முதல் ஓராங் அஸ்லி அவர்தாம். தேயிலைக்கு முன்பே இம்மலையில் வாழ்ந்தவர்களின் வரலாற்றில் அது ஒரு தொடக்கம். ஒரே வரியில் இரண்டையும் எழுதினால்தான் பதிவு நேர்மையாகும்.

மூன்றாவது, தேதியே இல்லாத மாற்றத்தை என்ன செய்வது? தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல மலையிறங்கின. அவர்கள் நின்ற நிரைகளில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாட்டினர் வந்து நின்றனர். கையால் கிள்ளிய கொழுந்தைக் கத்தரியும் இயந்திரமும் அறுக்கத் தொடங்கின. இது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. இதற்கு அரசாணையும் இல்லை, திறப்பு விழாவும் இல்லை. தேதியுள்ளவற்றை மட்டும் சேர்த்தால், ஆணை பிறப்பித்தவர்களும் நாடா வெட்டியவர்களுமே காலவரிசையை நிரப்புவர், உழைத்தவர்கள் விடுபடுவர். ஆகவே இம்மாற்றத்தை ஒரு தேதியாக அன்றி, பல பத்தாண்டுகளில் நீளும் ஒரு கோடாக வரைவதே பொருந்தும்.

வேறொரு கருத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு பதிவின் அருகிலும் அதைச் சேர்த்த காரணத்தை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். பின்னாளில் தொகுப்பவர் அக்காரணத்தை ஏற்கலாம், நீக்கவும் செய்யலாம். காரணம் எழுதப்படாத பட்டியலோடு எவரும் வாதிட முடியாது.

தோட்டத்தில் வேர் உள்ள நண்பர்களே, முன்னாள் மாணவர்களே! உங்கள் குடும்பம் மலையிறங்கிய ஆண்டு எது, ஏன் இறங்கியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அந்த ஆண்டுகள் பல சேரும்போதுதான் மேற்சொன்ன கோடு எங்கே தொடங்குகிறது என்பது புலப்படும்.